கர்க்கி முதல் சென்னை வரை: வட்டார நாடக மேடையும் மொழிச் சமுதாய உருவாக்கமும் (1843–1891)

1. முன்னுரை

இந்திய மொழிகளின் நாடக வரலாறுகள் பெரும்பாலும் மொழிவாரியாகவே எழுதப்பட்டுள்ளன. மராத்தி நாடக வரலாறு சாங்லியில் தொடங்குகிறது. கன்னட நாடக வரலாறு கதகிலோ மைசூரிலோ தொடங்குகிறது. தெலுங்கின் நவீன நாடக வரலாறு ராஜமுந்திரியிலும் பல்லாரியிலும், தமிழின் நவீன நாடக வரலாறு தஞ்சையிலும் சென்னையிலும் தொடக்கம் பெறுகின்றன. ஒவ்வொரு வரலாறும் தன் மொழி வழங்கும் நிலப்பரப்பிற்குள்ளேயே காரணங்களைத் தேடிக்கொள்கிறது. வேற்றுமொழிக் குழுவொன்று வந்து ஆடிச் சென்ற செய்தி முதல் இயலில் ஒரு வரியாக இடம்பெறும். அடுத்த வரியிலேயே அது பின்தள்ளப்படும்.

வெவ்வேறு வரலாறுகளில் சிதறிக் கிடக்கும் இவ்வொற்றை வரிகளை ஒருங்கே வைத்து நோக்கினால் வேறொரு வரலாறு புலப்படுகிறது. 1843க்கும் 1891க்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில், வடகன்னடக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்கும் சென்னை நகரத்துக்கும் இடையே பல மேடைகள் தோன்றின. அவற்றுட் பல, வேற்றுமொழி பேசி வந்த விருந்தினர் குழுவுக்கு உள்ளூரார் அளித்த மறுமொழியாக அமைந்தவை. மேடையின் மொழி அவையின் மொழியாக இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் இம்மறுமொழிகளின் வழியாகவே வலுப்பெற்றது. ஆகவே, வட்டார நாடகம் முன்பே உருவாகி நின்ற மொழிச் சமுதாயம் ஒன்றின் விளைபொருள் என்பதைக் காட்டிலும், அத்தகைய சமுதாயம் தன்னைத் தானே கேட்டறிந்த இடங்களுள் ஒன்று என்பதே பொருத்தமாகும். இக்கருத்தைச் சான்றுகளின்வழி நிறுவுவதும், மொழிபெயர்ப்பு ஆய்வுக்கு அதனால் விளையும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. மேடை மொழியும் அவை மொழியும்: முந்தைய நிலை

மேடையில் பேசப்படும் மொழியும் அவையோரின் வீட்டுமொழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இன்று இயல்பாகத் தோன்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முந்தைய அரசவை அரங்குகளில் அத்தகைய கட்டாயம் இருந்ததாகத் தெரியவில்லை. தஞ்சாவூர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். நாயக்கர் காலத்தில் அங்குத் தெலுங்கு யட்சகானங்கள் செழித்தன. பின்னர் ஆண்ட மராட்டிய மன்னருள் சகஜி (1684–1712) தெலுங்கிலும் மராத்தியிலும் நாடகங்கள் இயற்றினார். அவர் பெயரால் வழங்கும் 'பஞ்சபாஷா விலாசம்' ஐந்து மொழிகளை ஒரே நாடகத்துள் கொண்டு வருகிறது. தமிழ் வழங்கும் நிலத்தின் நடுவே அமைந்த அவ்வரங்கில் மொழிகளின் பன்மையே சுவையாகக் கொள்ளப்பட்டது.

அரண்மனைக்கு வெளியிலும் இந்நிலை காணப்பட்டது. தஞ்சைப் பகுதியைச் சார்ந்த மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியையொட்டி நிகழும் பாகவத மேளாவில் தெலுங்கு நாடகங்களே ஆடப்படுகின்றன. தமிழ்ச் சூழலில் வாழும் ஊரார் அவற்றைத் தம் வழிபாட்டின் ஓர் உறுப்பாகவே கருதி வந்துள்ளனர்.

இதற்கு மறுபுறமாக, தெருக்கூத்து தமிழிலும், கன்னடக் கடற்கரையின் யட்சகானம் கன்னடத்திலும், அவரவர் ஊர்மொழியிலேயே நிகழ்ந்தன என்பது உண்மை. எனினும் அங்கு மொழி ஒரு கோரிக்கையாக எழவில்லை. தமிழில் ஆடுகிறோம் என்ற தன்னுணர்வோடு கூத்தர் ஆடவில்லை; பாரதக் கதையை ஆடினர், அது தமிழில் அமைந்தது. மேடையின் மொழி எதுவாக இருத்தல் வேண்டும் என்ற கேள்வியே எழாத நிலையில் இவ்விரு வகை அரங்குகளும் அடுத்தடுத்து வாழ்ந்தன. அக்கேள்வி எழுந்த வரலாற்றையே இனிக் காணவேண்டும்.

3. கர்க்கியிலிருந்து சாங்லிக்கு

மராத்தி நாடக மேடையின் பிறந்த நாளாக நவம்பர் 5 ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. 1843ஆம் ஆண்டில் அந்நாளில் சாங்லி அரண்மனையில் விஷ்ணுதாஸ் பாவே இயற்றிய 'சீதா சுயம்வரம்' அரங்கேறியது. சாங்லியின் ஆட்சியாளரான சிந்தாமணிராவ் பட்வர்தன் அதற்குச் சில காலம் முன்னர், வடகன்னட மாவட்டத்து ஹொன்னாவரத்தை அடுத்த கர்க்கியிலிருந்து வந்த யட்சகானக் குழுவொன்றின் ஆட்டத்தைக் கண்டிருந்தார். அவ்வாட்டம் அவரைக் கவர்ந்தது. ஆயினும் அதனை மேலும் திருத்தமாக மராத்தியில் அமைக்கலாம் என்று கருதி, அப்பொறுப்பைப் பாவேயிடம் ஒப்படைத்தார்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, சாங்லி அரசு ஒருமொழி அரசன்று. இன்றைய கர்நாடகத்திலுள்ள சிரஹட்டி, தேர்தாள் போன்ற பகுதிகளும் அவ்வரசுக்கு உட்பட்டிருந்தன. எனவே கன்னடக் குழு ஒன்று அங்கு வந்து ஆடியதை அயல்நாட்டார் வருகையாகக் கொள்ளல் இயலாது. பல மொழிகள் பயின்ற ஓர் ஆட்சிப் பரப்பிற்குள் நிகழ்ந்த போக்குவரத்தாகவே அதனைக் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, பாவே எந்தக் கன்னடப் பனுவலையும் மொழிபெயர்க்கவில்லை. யட்சகானத்தில் 'பிரசங்கம்' எனப்படும் பாடற்பகுதியை மட்டுமே பாகவதர் ஏட்டிலிருந்து பாடுவார். உரையாடலை வேடதாரிகள் அவ்வப்போது தாமே புனைந்து பேசுவர். பாவேயின் அரங்கிலும் இவ்வமைப்பே தொடர்ந்தது. கணபதி, சரஸ்வதி ஆகியோரின் வருகை, கதையைப் பாடி நடத்தும் சூத்திரதாரர், இடையிடையே நகைச்சுவை விளைக்கும் விதூஷகர், எழுதப்படாத உரையாடல் என்பன அதன் கூறுகளாகும். பாடல்கள் மராத்தியில் புதிதாக இயற்றப்பட்டன. பேச்சு நடிகரின் நாவிற்கு விடப்பட்டது. கைமாறியது ஒரு சட்டகம். உரையாடல் எழுத்தில் இறுகாமல் இருந்தமையே அச்சட்டகம் எளிதில் மொழி கடப்பதற்குத் துணை நின்றது எனலாம்.

1851இல் சிந்தாமணிராவ் மறைந்தபின் அரண்மனை ஆதரவு குன்றியது. பாவேயின் குழு ஊர் ஊராகச் சென்று கட்டணம் பெற்று ஆடத் தலைப்பட்டது. 1853இல் பம்பாயிலும் ஆடியது. அதே ஆண்டில்தான் பம்பாயில் பார்சி நாடகக் குழுவும் தோன்றியது. அரசரின் விருப்பத்தை நிறைவேற்றிய கலை, நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்தவரின் விருப்பத்தை நாடவேண்டிய கலையாயிற்று. சீட்டு வாங்குவோருக்கு மொழி புரிய வேண்டும். மேடை மொழி என்ற கேள்வியின் பொருளாதார வேர் இங்குதான் உள்ளது.

4. தார்வாடும் கதகும்: மறுமொழியாக எழுந்த மேடை

1818இல் பேஷ்வா ஆட்சி முடிவுற்ற பின்னர் தார்வாடு, பெல்காம் முதலிய கன்னடப் பகுதிகள் பம்பாய் மாகாண ஆட்சியின்கீழ் வந்தன. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மராத்தியே மேலோங்கி இருந்தது. கல்வித்துறை அலுவலராகப் பணியாற்றிய 'டெபுடி' சென்னபசப்பா (1834–1881) கன்னடப் பள்ளிகளைப் பெருக்க எடுத்த முயற்சிகள் கன்னட வரலாற்றில் போற்றப்படுகின்றன. பள்ளியில் மராத்தி, கடைவீதியில் கன்னடம், நாடகக் கொட்டகையில் மீண்டும் மராத்தி என்ற நிலை அப்பகுதி நகரங்களில் நிலவியது. சாங்லி வழிவந்த மராத்திக் குழுக்களுக்கு அந்நகரங்கள் நல்ல வருவாய்த் தலங்களாக இருந்தன.

இச்சூழலில்தான் சாந்தகவி என்னும் புனைபெயர் கொண்ட சக்கரி பாளாச்சார்யர் (1856–1920) 1870களில் கதகில் கன்னட நாடகக் குழுவொன்றைத் தோற்றுவித்தார். கதகின் பழம்பெயரால் 'கிருதபுர நாடக மண்டலி' என்றும், அவ்வூர்த் தெய்வமாகிய வீரநாராயணரின் அருள்பெற்றது என்றும் அக்குழு தன்னைச் சொல்லிக்கொண்டது. குமாரவியாசர் பாரதம் பாடியதாகக் கருதப்படும் கோயில் அது. தெய்வம், பழங்கவி, ஊர் ஆகிய மூன்றையும் பெயரிலேயே ஏந்திய அக்குழு ஆடிய 'உஷாஹரணம்' கன்னட மேடை வரலாற்றில் தொடக்கப் படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

காலவரிசை இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. கன்னட மொழியியக்கத்தின் தாய்நிறுவனமாகக் கருதப்படும் கர்நாடக வித்யாவர்த்தக சங்கம் தார்வாட்டில் 1890இல் நிறுவப்பட்டது. ஆலூர் வெங்கடராயரின் 'கர்நாடக கத வைபவ' 1917இல் வெளிவந்தது. கன்னடப் பகுதிகள் ஒரே மாநிலமாக இணைந்தது 1956 நவம்பர் 1இல். கதகின் மேடை இவை அனைத்திற்கும் முற்பட்டது. மொழியுரிமை பற்றிய தீர்மானங்கள் எழுதப்படுவதற்கு முன்பே, கன்னடத்தில் ஒரு முழு இரவு நாடகம் நிகழ இயலும் என்பதைக் கதகின் மக்கள் கண்டுவிட்டனர். வெவ்வேறு சாதியினரும் தொழிலினரும் ஒரே கூரையின்கீழ் ஒரே சொல்லுக்கு ஒருசேர நகைத்த அனுபவம், 'நாம் கன்னடர்' என்ற பின்னாளைய அறிவிப்புக்கு முன்னோடியாயிற்று.

ஆயினும் இம்மறுமொழியின் வடிவம் எதிர்ப்புக்குரியதாகக் கருதப்பட்ட மராத்தி மேடையின் வடிவத்தையே பெரிதும் ஒத்திருந்தது. அம்மராத்தி மேடையோ கர்க்கியின் கன்னட ஆட்டத்திலிருந்து கிளைத்தது. கன்னட யட்சகானம் மராத்தி வழியாகச் சுற்றி வந்து கன்னட நகர நாடகமாயிற்று. அருகிலேயே வாழ்ந்த யட்சகானத்தைக் கன்னட நகரத்தார் நேரடியாக மேற்கொள்ளவில்லை; வேற்றுமொழியில் திருத்தம் பெற்றுத் திரும்பியபோதே அதனை நாகரிகக் கலையாக ஏற்றனர்.

5. ராஜமுந்திரி, பல்லாரி, சென்னை

1880இல் தார்வாடு நாடகக் குழுவொன்று கோதாவரிக் கரையிலுள்ள ராஜமுந்திரிக்குச் சென்று ஆடியது. அக்குழு அங்கு ஆடிய மொழி இந்தி. குழுவினர் புறப்பட்டு வந்த பகுதியின் மொழியாகவோ அவையோரின் மொழியாகவோ அது இருக்கவில்லை. இருவருக்கும் இடைப்பட்ட பொதுமொழியாக அது பயன்பட்டது. அக்குழு சென்றபின், அதன் கொட்டகையில் கந்துகூரி வீரேசலிங்கம் (1848–1919) தம் மாணவரைக் கொண்டு தெலுங்கு நாடகங்களை நடிக்கச் செய்தார். சமூகச் சீர்திருத்தமே தம் வாழ்வுப்பணியாகக் கொண்டிருந்த அவருக்கு மேடை ஒரு கருவியாக வாய்த்தது. விருந்தினர் விட்டுச்சென்ற கொட்டகையில் உள்ளூர்மொழி குடியேறிய இந்நிகழ்ச்சி, சாங்லியிலும் கதகிலும் நிகழ்ந்தவற்றோடு ஒப்புமை உடையது.

பல்லாரியின் நிலை சற்று வேறானது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த அந்நகரில் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கின. 1880களில் தென் மராட்டா இரயில்வே பல்லாரியைக் கதகு, ஹுப்பள்ளி ஆகிய நகரங்களோடு இணைத்தது. மறுபுறம் சென்னைக்கும் இருப்புப்பாதை இருந்தது. இச்சந்திப்பில்தான் வழக்கறிஞரான தர்மவரம் ராமகிருஷ்ணமாச்சார்யுலு (1853–1912) 'சரச வினோதினி சபை'யை நடத்தினார். தெலுங்கு நாடகங்களில் பாடல்களைப் பெரிதும் புகுத்தி 'ஆந்திர நாடக பிதாமகர்' எனப் பெயர்பெற்றவர் அவர். அவரோடு ஒருங்கே வைத்து எண்ணப்படும் கோலாசலம் சீனிவாசராவும் பல்லாரி வழக்கறிஞரே. பின்னாளில் அதே நகரின் பல்லாரி ராகவா (1880–1946) தெலுங்கிலும் கன்னடத்திலும் நடித்துப் புகழ்பெற்றார்.

1891இல் சரச வினோதினி சபையார் சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடித்தனர். அவற்றைக் கண்ட பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) தம் நண்பர்களுடன் அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். தமிழில் தொழில்முறை நாடகங்கள் அதற்கு முன்னரே இருந்தன. தஞ்சையில் மராத்தி மொழியினரான கோவிந்தசாமி ராவ் நடத்திய மனமோகன நாடகக் கம்பெனி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஆனால் கல்வி கற்றோர் மேடையேறுவது இழிவு என்ற எண்ணம் சென்னையில் வேரூன்றியிருந்தது. வழக்கறிஞர் முதலியோர் வேடம் புனைந்து நடித்ததைக் கண்டதே பம்மலாரின் மனத்தை மாற்றியது. இங்குக் கடன்பெற்ற பொருள் நாடகமும் அன்று, மெட்டும் அன்று. நடிப்பதற்கான சமூகத் தகுதி. அத்தகுதி தெலுங்கு மேடையிலிருந்து பெறப்பட்டுத் தமிழில் செலவிடப்பட்டது. சென்னையின் பன்மொழிச் சூழலுக்கேற்ப அச்சபை தமிழோடு தெலுங்கு முதலிய பிறமொழி நாடகங்களையும் நடத்தியது. ஆயினும் ஒரே நாடகத்துள் பல மொழிகள் கூடிய சகஜியின் முறை திரும்பவில்லை. ஒரே சபையில் மொழிக்கொரு நாடகம் என்ற முறையே அமைந்தது. இரு நூற்றாண்டுகளில் நேர்ந்த மாற்றத்தை இவ்விரு மேடைகளின் வேறுபாடு தெளிவாகக் காட்டுகிறது.

கர்க்கி, சாங்லி, கதகு, ராஜமுந்திரி, பல்லாரி, சென்னை ஆகியவற்றை ஒரே கயிற்றின் முடிச்சுகளாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே போக்குவரத்துப் பரப்பில் அமைந்த நிலையங்களாக அவற்றைக் கொள்வதே ஏற்புடைத்து. நிலையந்தோறும் திரும்பத் திரும்ப நிகழ்ந்த செயல்முறைதான் இங்கு முதன்மையானது.

6. கைமாறியவை: சட்டகம், மெட்டு, பனுவல்

மேடைக்கு மேடை கைமாறியவற்றை மூன்று அடுக்குகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, மேலே கூறப்பட்ட சட்டகம். இரண்டாவது மெட்டு. 1880இல் புனேயில் அரங்கேறிய 'சங்கீத சாகுந்தலம்' மராத்தி இசைநாடகத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதனை இயற்றிய அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் (1843–1885) பெல்காம் மாவட்டத்துக் குர்லஹோசூரில், கன்னடம் வழங்கும் சூழலில் பிறந்தவர். அவர் நாடகங்களில் கீர்த்தன மரபின் சாகி, திண்டி முதலியவற்றோடு கன்னட மெட்டுகளும் இடம்பெற்றன. பின்னர் மராத்தி நாடக மெட்டுகள் கன்னட மேடைக்கு வந்தன. பார்சி, இந்துஸ்தானி மெட்டுகள் தமிழ் மேடைவரை வந்தன. 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று தமிழ் நாடகப் பாட்டுப் புத்தகங்களில் காணப்படும் தலைக்குறிப்பு இவ்வடுக்கின் எழுத்துச் சான்றாகும். மொழிபெயர்ப்பாளர் நோக்கில் இது தனிப்பட்ட சிக்கலுடையது. பொருளுக்கேற்பச் சொல்லைத் தேடும் நிலை மாறி, முன்பே அமைந்த அசைநீளத்துக்கும் தாளத்துக்கும் ஏற்பச் சொல்லைத் தேடவேண்டியதாகிறது. குறில்நெடில் வேறுபாடு மிகுந்த தென்மொழிகளில் இவ்வகைப் பாடல் இயற்றுதல் ஒலியனியல் பயிற்சியாகவே அமைந்தது எனலாம்.

மூன்றாவது பனுவல். காளிதாசரின் சாகுந்தலத்தைச் சுரமுரி சேஷகிரிராவ் 1870ஐ ஒட்டிக் கன்னடத்தில் வடித்தார்; 1880இல் கிர்லோஸ்கர் மராத்தியில் அமைத்தார்; மைசூர் அரண்மனையைச் சார்ந்த பசவப்ப சாஸ்திரி (1843–1891) கன்னடத்தில் மீண்டும் பெயர்த்து 'அபிநவ காளிதாசர்' எனப் போற்றப்பட்டார். சேக்ஸ்பியர் நாடகங்களும் இவ்வாறே வந்தன. 'ஒதெல்லோ' பசவப்ப சாஸ்திரியிடம் 'சூரசேன சரித்ரெ' ஆயிற்று. 'ஹாம்லெட்' பம்மலாரிடம் 'அமலாதித்யன்' ஆயிற்று.

இவ்வடுக்குகளுள் ஒரு வேறுபாடு உள்ளது. வடமொழியிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ பனுவல் பெறப்பட்டபோது, மூலத்தின் பெயர் மதிப்பளிக்கும் சான்றாக முன்வைக்கப்பட்டது. அண்டைமொழியிலிருந்து சட்டகமும் மெட்டும் சமூகத் தகுதியும் பெறப்பட்டபோது, அக்கடன் முகப்புப் பக்கத்தில் ஏறவில்லை. உயர்மதிப்புடைய மொழியிலிருந்து பெற்றது 'மொழிபெயர்ப்பு' எனப்பட்டது. அண்டை வீட்டிலிருந்து பெற்றதற்குப் பெயரே இல்லாமற் போயிற்று. மொழிபெயர்ப்பு வரலாறு நூற்பட்டியல்களை மட்டும் நம்பி எழுதப்படுமாயின், தென்னக மொழிகளுக்கு இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலின் பெரும்பகுதி அதில் இடம்பெறாது.

7. ஊர்வாழ்வும் தொழிற்சொற்களும்

நாடகக் கம்பெனி ஓர் ஊரில் முகாமிட்டால் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்குவது வழக்கம். கொட்டகை போடுவோர், தையற்காரர், திரைச்சீலை எழுதுவோர், உணவு வழங்குவோர் எனப் பலரின் பிழைப்பு அதனோடு பிணைந்தது. கம்பெனிகள் சிறுவர்களைச் சேர்த்துப் பாட்டும் பேச்சும் பயிற்றின. பள்ளிக்கு நெடுநாள் செல்ல இயலாத சிறுவர் பலர்க்கு அங்கேயே திருந்திய மொழி கிட்டியது. இந்துஸ்தானி இசைமேதை மல்லிகார்ஜுன் மன்சூர் (1910–1992) இளமையில் கன்னட நாடகக் குழுவில் நடித்தவர். ஹுப்பள்ளியை அடுத்த குந்த்கோளைச் சேர்ந்த சவாய் கந்தர்வர் (1886–1952) மராத்தி இசைநாடகங்களில் பெண்வேடம் பூண்டு பாடிப் புகழ்பெற்றார். பீம்சேன் ஜோஷி, கங்குபாய் ஹங்கல் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். தார்வாடு வட்டாரத்தின் இசைவளத்திற்கு மொழி எல்லை கடந்த மேடை ஒரு நாற்றங்காலாக இருந்தது.

இவ்வொருமித்த தொழில்வாழ்வு சொற்களிலும் தடம் பதித்துள்ளது. தமிழில் 'ராஜபார்ட்', 'ஸ்திரீபார்ட்' எனவும், கன்னடத்தில் 'ராஜாபார்ட்', 'ஸ்த்ரீபார்ட்' எனவும் வழங்கும் தொடர்கள் வடமொழிச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் ஒரே வகையில் இணைக்கின்றன. மராத்தி மேடையிலும் இதையொத்த வழக்கு உண்டு. 'மண்டலி', 'கம்பெனி', 'சபை' என்னும் அமைப்புப் பெயர்களும் மொழி கடந்தவை. திரைச்சீலையைக் குறிக்கும் 'படுதா' என்னும் தமிழ்ச்சொல்லின் நெடும்மூலம் பாரசீகம். உருதுவில் 'பர்தா' என ரகரத்தோடு வழங்க, மராத்தியில் 'பட்தா' என நாவளை ஒலியோடு வழங்குகிறது. தமிழ் வடிவம் டகரத்தைக் கொண்டிருப்பதால் மராத்தி வடிவத்திற்கே நெருக்கமாக உள்ளது. தஞ்சை மராட்டியர் காலத் தொடர்பும் இதற்கு வழியாகலாம் ஆதலின், நாடகக் குழுக்களை மட்டுமே காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் மேடைத் தொழிற்சொற்களைத் தென்னக மொழிகள் அனைத்திலும் ஒருங்கே தொகுத்து ஒப்பிடுவது, எழுத்துச் சான்று எட்டாத போக்குவரத்தை அறியத் துணைசெய்யும்.

8. மறுமொழியின் விலை

அவைமொழியில் பேசும் மேடை மக்களுக்கு அளித்த தன்மதிப்பு பெரிது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலையும் உண்டு. உரையாடல் எழுதி அச்சிடப்பட்டபோது நடிகரின் நாவுரிமை சுருங்கியது. மராத்தியில் வி. ஜ. கீர்த்தனே 1861இல் எழுதிய 'தோர்லே மாதவராவ் பேஷ்வே' முழு உரையாடலும் எழுதப்பட்ட நாடகமாக அச்சில் வந்தது. எழுதப்பட்ட மேடைமொழி கற்றோர் வழக்கையே அளவுகோலாகக் கொண்டது. கிராமவழக்கு பணியாளர், கோமாளி ஆகியோரின் வாயில் ஒதுக்கப்பட்டு, நகைப்புக்குரியதாக்கப்பட்டது. பொதுமொழி ஒன்று உருவாக, கிளைமொழிகள் தாழ்ந்தன.

சாங்லி மன்னர் யட்சகானத்தில் 'திருத்தம்' வேண்டியபோதே ஒரு பிரிவினை தொடங்கிவிட்டது. அச்சட்டகத்தை வழங்கிய கிராமக் கலைஞர்கள் நகர மேடையின் வரலாற்றில் முன்னோடிகள் என்ற தகுதியைப் பெறவில்லை. கன்னடத்தில் சிவராம காரந்தர் (1902–1997) யட்சகானத்தை ஆய்ந்து, அதன் கலைமதிப்பைக் கற்றோர் உலகில் நிலைநாட்ட நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது.

பன்மொழி நகரங்கள் மற்றொரு விலையைக் கொடுத்தன. இரு மொழிகளில் இயல்பாக வாழ்ந்த பல்லாரியும் பெல்காமும் எம்மொழிக்கு உரியவை என்ற வினா அரசியலாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது பல்லாரி மைசூர் மாநிலத்தோடு சேர்க்கப்பட்டது. தெலுங்கு நாடகத்தின் பிதாமகர் எனப்படுபவரின் நகரம் தெலுங்கு மாநிலத்துக்கு வெளியே நின்றது. மராத்தி இசைநாடகத்தைத் தோற்றுவித்தவரின் பிறப்பிடமும் 1956 முதல் இன்றைய கர்நாடகத்துக்கு உட்பட்டதாயிற்று. பெல்காம் பற்றிய வழக்கை ஆராய 1966இல் மகாஜன் ஆணையம் அமைக்கப்பட்டு, 1967இல் அறிக்கை அளித்தும் பூசல் ஓயவில்லை. மாநில எல்லைகளைப் பின்னோக்கி நீட்டி நாடக வரலாறு எழுதுவோர், ஒரே நிகழ்ச்சியை ஒருபுறம் சிறு கடனாகக் குறைத்தும் மறுபுறம் தம் கொடையாக மிகுத்தும் கூறுகின்றனர். கர்க்கிக் குழுவின் வருகை இவ்விரு வகையிலும் சொல்லப்பட்டுள்ளது. இரண்டும் உடைமைக் கணக்குகளே.

9. முடிவுரை

மேற்கண்ட செய்திகளிலிருந்து பின்வரும் முடிவுகளைப் பெறலாம். மேடைமொழியும் அவைமொழியும் ஒன்றாக வேண்டும் என்ற கோரிக்கை தொன்மையானதன்று. கட்டணம் பெற்று ஊர்தோறும் சென்ற குழுக்களின் காலத்தில் அது உருவாயிற்று. வேற்றுமொழி மேடையைக் கண்டும் கேட்டும் பெற்ற அனுபவமே பல இடங்களில் தாய்மொழி மேடைக்கு வித்திட்டது. அம்மேடை, மொழிச் சங்கங்களுக்கும் மாநிலக் கோரிக்கைகளுக்கும் முன்பே ஒரு மொழிச் சமுதாயத்தை ஓரவையில் கூட்டியது. அதே வேளையில் கிளைமொழி பேசுவோரையும், கிராமக் கலைஞரையும், இருமொழி நகரத்தாரையும் அது ஓரளவு விளிம்புக்குத் தள்ளியது.

மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வரலாறு உணர்த்துவது தெளிவானது. பனுவல்கள் மட்டுமே மொழி கடப்பவை என்று கொண்டால் சாங்லியின் 1843ஆம் ஆண்டு நிகழ்ச்சியும், ராஜமுந்திரியின் கொட்டகையும், சென்னை சபையின் தோற்றமும் மொழிபெயர்ப்பு வரலாற்றுக்குள் அடங்கா. ஆயினும் இம்மொழிகளின் நவீன மேடைக்கு அடித்தளமிட்ட பரிமாற்றங்கள் இவையே. தென்னக நாடகங்களின் மெட்டுக் குறிப்புகள், தொழிற்சொற்கள், குழுக்களின் பயணங்கள், நடிகரின் தன்வரலாறுகள் ஆகியவற்றை மராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒருசேரத் தொகுக்கும் பணி ஒரு மொழியறிஞரால் மட்டும் இயலாதது. அத்தகைய கூட்டுப்பணி மேற்கொள்ளப்படுமாயின், வட்டார நாடகம் என்னும் தொடரிலுள்ள 'வட்டாரம்' மாநில எல்லையை விடுத்து, குழுக்கள் நடந்தும் இரயிலேறியும் சென்ற வழிகளைக் குறிக்கும் சொல்லாகப் பொருள் விரிவு பெறும்.